காக்ஜுங் மேய்ச்சல் நிலம்: 2024 ஜனவரி சம்பவமும் அதுக்குப் பின்னாடி இருக்குற ஆட்டுக் கணக்கும்

2024 ஜனவரி ஆரம்பத்துல கிழக்கு லடாக்ல எடுத்த ஒரு வீடியோ, அந்த மாசக் கடைசியிலதான் நம்ம போனுக்கெல்லாம் வந்துச்சு, நிறைய பேர் பார்த்திருப்பீங்க. ஆள் அரவமே இல்லாத வெட்டவெளி, ஆடு மேய்க்கிறவங்க கொஞ்சப் பேர், எதிர்ல சைரன் அடிச்சுக்கிட்டு நிக்கிற சீன ராணுவ வண்டிங்க. சிப்பாய்ங்க திரும்பிப் போகச் சொல்றாங்க, இவங்க நகர மாட்டேங்கிறாங்க, இது எங்க மேய்ச்சல் நிலம்னு நேருக்கு நேரா நின்னு வாதாடுறாங்க, ஒரு கட்டத்துல குனிஞ்சு கல்லையும் கையில எடுக்குறாங்க. அந்த இடத்துக்குப் பேர் காக்ஜுங். சுஷூல், நியோமா, டுங்டி பக்கத்து ஊர்க்காரங்க சிந்து நதி ஓரமா ஆடு ஓட்டிட்டுப் போற நிலம்.

வீடியோவை வெளிய கொண்டுவந்தவர் கொன்சோக் ஸ்டான்சின், அப்ப லடாக் தன்னாட்சி மலை வளர்ச்சி கவுன்சில்ல சுஷூல் தொகுதி கவுன்சிலரா இருந்தவர். ஆட்டுக்காரங்க தைரியத்தைப் பாராட்டினதோட, பக்கபலமா நின்ன நம்ம ஆர்மிக்கும் நன்றி சொல்லியிருந்தார். பிப்ரவரி 1ஆம் தேதி வெளியுறவுத்துறை ஒரு விளக்கம் கொடுத்துச்சு, பாரம்பரிய மேய்ச்சல் இடம் எதுன்னு ரெண்டு தரப்புக்கும் தெரியும், உரசல் வந்தா அதுக்குன்னு இருக்குற வழிமுறையில பேசித் தீர்த்துக்குவோம்ங்கிற மாதிரி. நியூஸ்ல ரெண்டு நாள் ஓடுச்சு, வீரம் வீரம்னு கமென்ட் வந்துச்சு, அப்புறம் வேற நியூஸ் வந்துருச்சு.

எனக்கு அந்த வீடியோல ஒரே ஒரு கேள்விதான் நின்னுச்சு. ஜனவரி மாசம், ராத்திரியில மைனஸ் 30 டிகிரி வரைக்கும்கூட இறங்குற நாடு அது, அந்தக் குளிர்ல எதுக்கு ஒருத்தர் எல்லைக்கோடு வரைக்கும் ஆட்டை ஓட்டிட்டுப் போகணும்? வீராப்புக்காக யாரும் அங்க போகல. போகாட்டி ஆடு செத்துரும், அதுக்காகத்தான் போனாங்க. இது புரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும், அதனால முதல்ல ஆட்டைப் பத்தி விரிவாவே சொல்லிடறேன்.

ஆட்டோட காலண்டர்

சாங்தாங்னு சொல்ற பீடபூமி திபெத்துல இருந்து லடாக் வரைக்கும் நீண்டு கிடக்குது, நம்ம பக்கம் இருக்குறது அதோட மேற்கு ஓரம்தான். சுஷூல் 14,000 அடிக்கு மேல. மழை கிட்டத்தட்ட கிடையாது, மரமும் இல்ல. இந்த உயரத்துல விவசாயம் பண்ணிப் பிழைக்கிறது பெரும்பாலான இடத்துல நடக்காத காரியம், அதனால சாங்பா ஜனங்க பஷ்மினா ஆடு, செம்மறி, யாக் வச்சுத்தான் தலைமுறை தலைமுறையா வாழுறாங்க. யாக் முடியில நெய்த கறுப்புக் கூடாரம் இருக்கு, ரேபோன்னு பேரு. காஞ்ச சாணிதான் அடுப்புக்கு, நம்ம வறட்டி மாதிரி. வெண்ணெயும் உப்பும் போட்ட டீ, வறுத்த பார்லி மாவு, இதுதான் பொழுதுக்கும் சாப்பாடு.

பஷ்மினாங்கிறது ஆட்டோட வெளி முடி கிடையாது. குளிர் தாங்க அதுக்கு அடியில வளருற பஞ்சு மாதிரி முடி, 12 முதல் 15 மைக்ரான் கனம்தான் இருக்கும், நம்ம தலைமுடியில அஞ்சுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க. குளிர்காலம் முடிஞ்சதும் அது தானா உதிர ஆரம்பிக்கும், அப்பதான் சீவி எடுப்பாங்க. ஆட்டைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் படுக்க வச்சு, காலைக் கட்டி, முதல்ல மேல இருக்குற நீள முடியைக் கத்தரியால நறுக்கிட்டு, அப்புறம் பல்லு வளைஞ்ச இரும்புச் சீப்பால கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் மெதுவா இழுக்கணும். அவசரப்பட்டா தோல் கிழிஞ்சுரும். சீப்புல சுருண்டு வர்றதுல மண்ணும் பொடுகும் பிழுக்கையும் ஒட்டியிருக்கும், லே நகரத்துல இருக்குற ஆலையில சுத்தம் பண்ணினா அதுல பாதிக்கும் கம்மியாதான் நல்ல இழை தேறும். ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு சராசரியா கால் கிலோ கச்சா முடி. லடாக் முழுக்க ஒரு வருஷத்துக்கு 50 டன் அளவுக்குத்தான் கிடைக்குது. 2023ல லடாக் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆடு இணை சேர்றது கோடைக்காலம் முடிஞ்சு குளிர் தொடங்குற சமயம், சினைக்காலம் அஞ்சு மாசம், அப்ப குட்டி ஈனுறது பிப்ரவரி, மார்ச் வாக்குல. அதாவது வருஷத்துலயே புல் இல்லாத, குளிர் உச்சத்துல இருக்குற டிசம்பர், ஜனவரிதான் சினை ஆட்டுக்கு நிறைய தீனி வேணும்ங்கிற மாசம். கோடைக்கால மேய்ச்சல் நிலம் ஒண்ணு போனா இன்னொரு பள்ளத்தாக்குக்கு ஓட்டிட்டுப் போயிடலாம், அப்ப எங்கயும் கொஞ்சம் பச்சை இருக்கும். குளிர்கால நிலத்துக்கு மாத்து கிடையாது. பனி கம்மியா விழுற, விழுந்தாலும் காத்துல சீக்கிரம் பறந்து போற, காஞ்ச புல் தரைக்கு மேல தலைநீட்டி நிக்கிற இடம் அங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். காக்ஜுங் அப்படிப்பட்ட ஒரு இடம். அதனாலதான் சுத்துவட்டாரத்துல பல ஊருக்கு அது குளிர்கால நிலமா இருந்துருக்கு. யார் எப்ப எந்தப் பக்கம் ஓட்டிட்டுப் போகணும்ங்கிறதை கோபான்னு சொல்ற ஊர்த்தலைவர் தலைமையில முடிவு பண்ணுவாங்க, புல் மறுபடி தழைக்கணும்ல, அதனால நிலத்தை மாத்தி மாத்தித்தான் மேய்க்கணும்.

அந்த நிலத்துக்குப் போக முடியலன்னா என்ன ஆகும்? சினை ஆடு மெலியும், மடியில பால் இறங்காது, குட்டி பிறந்தாலும் எடை இல்லாம பிறக்கும், ராத்திரி குளிரைத் தாங்காது. கூடாரத்துக்குள்ள அடுப்புக்கிட்ட வச்சுக் காப்பாத்தலாம், பத்து குட்டின்னா சரி, நூறு குட்டியை எங்க வைப்பீங்க? 2020 தொடக்கத்துல அந்தப் பகுதியில பிறந்த குட்டிங்க கொத்துக்கொத்தா செத்ததா அந்த வருஷம் செய்தி வந்துச்சு, குளிர்கால நிலத்துக்குப் போக முடியாததுதான் முக்கியக் காரணம்னு உள்ளூர் ஆட்கள் சொன்னாங்க. நம்ம ஊர்ல யாரும் அதைக் கவனிக்கல, நானும் கவனிக்கல.

எல்லைக்கு முன்னாடி இருந்த ஊர்

எனக்கே இந்தப் பக்கம் கவனம் திரும்பினது 2020 ஜூன் 15ல இந்திய, சீனப் படைங்களுக்கு நடந்த கல்வான் மோதலுக்கு அப்புறம்தான். செத்த 20 இந்திய வீரர்கள்ல நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருத்தர், பின்னாடி வீர் சக்ரா கொடுத்தாங்க. அவர் எங்க போய் செத்தார்னு மேப்ல தேட ஆரம்பிச்சுத்தான் சுஷூல், ரெசாங் லா, டெம்சோக்னு ஒவ்வொரு பேரா படிச்சேன்.

படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது, இந்த ஜனங்க எல்லைக்கு வந்து குடியேறினவங்க இல்ல, இவங்க ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த இடத்துமேல எல்லைதான் வந்து விழுந்துச்சு. 1842ல, ஜம்முவை ஆண்ட டோக்ராக்களுக்கும் திபெத்துக்கும் சண்டை முடிஞ்சப்ப போட்ட ஒப்பந்தத்துக்குப் பேரே சுஷூல் ஒப்பந்தம்தான். பழைய எல்லை பழையபடியே இருக்கட்டும், சால்வைக் கம்பளி, டீ வியாபாரம் பழைய வழக்கப்படி லடாக் வழியா நடக்கட்டும்னு அதுல ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஆட்டு முடியை வச்சு ஒப்பந்தம் போட்ட காலம் அது. 1962 வரைக்கும் சாங்பா குடும்பங்க குளிர்காலத்துல இப்ப சீனா கையில இருக்குற பக்கத்துக்கும் ஆட்டை ஓட்டிட்டுப் போய் வந்துட்டு இருந்தாங்க. போருக்கு அப்புறம் அது நின்னுபோச்சு. அதே சமயம் திபெத்துல இருந்து தப்பிச்சு வந்த மேய்ச்சல்காரங்க தங்களோட ஆட்டு மந்தையோட இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாங்க. நிலம் குறைஞ்சுது, ஆடு கூடுச்சு. இன்னைக்கு இருக்குற நெருக்கடிக்கு முதல் முடிச்சு அங்கதான் விழுந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

1962 நவம்பர் 18, ரெசாங் லா. சுஷூலைக் காக்க 16,000 அடிக்கு மேல நின்னது குமாவோன் ரெஜிமென்ட் 13ஆவது பட்டாலியனோட சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில 120 பேர் அளவுக்கு. அதுல 110க்கு மேல செத்துப் போனாங்க. உயிரோட திரும்பின கொஞ்சப் பேர் சொன்னதை ஆரம்பத்துல யாரும் முழுசா நம்பல. அடுத்த வருஷம் 1963 தொடக்கத்துல ஆடு மேய்க்கிற ஒருத்தர் அந்த மேட்டுப் பக்கம் போனப்பதான் பனியில உறைஞ்ச உடல்களைப் பார்த்தார், கையில ஆயுதத்தோட, பதுங்குகுழியில இருந்த நிலையிலயே. அவர் வந்து சொன்ன பிறகுதான் அங்க என்ன நடந்துச்சுன்னு நாட்டுக்கே தெரிஞ்சுது, ஷைத்தான் சிங் பரம் வீர் சக்ரா விருது பெற்றவர். 1999ல கார்கில்லயும் இதேதான். தாஷி நம்கியால்னு ஒரு ஆட்டுக்காரர், காணாமப் போன யாக்கைத் தேடிப் போனவர், படாலிக் பக்கம் மலைமேல ஊடுருவினவங்களைப் பார்த்துட்டு வந்து ஆர்மிக்கிட்ட சொன்னார்.

பெட்ரோலிங் டீம் ஒரு இடத்துக்கு மாசத்துக்கு சில தடவை போகும். மேய்க்கிறவங்க சீசன் முழுக்க அங்கேயே கிடக்குறாங்க. எந்தக் கல் புதுசா அடுக்கியிருக்கு, எந்தத் தடம் நேத்து இல்லாம இன்னைக்கு இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அதோட, எல்லைக்கோடு வரைஞ்சு ஒத்துக்கிடாத இடத்துல, இது யார் இடம்னு கேள்வி வந்தா, இத்தனை தலைமுறையா இங்க யார் மந்தை மேய்ஞ்சுதுங்கிறதுதான் கையில இருக்குற உருப்படியான ஆதாரம். எதிர்த்தரப்புக்கும் இது நல்லாவே தெரியும். டெம்சோக் கிட்ட சார்டிங் நாலாங்கிற ஓடை ஓரத்துல அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரங்க டென்ட் போட்டு உட்கார்ந்தது வருஷக்கணக்கா பிரச்சனையா இருந்துச்சு.

2020க்கு அப்புறம் நிலம் போன விதம்

2020 ஆகஸ்ட் 29, 30 ராத்திரியில நம்ம ஆர்மி சுஷூலுக்கு மேல இருக்குற கைலாஷ் மலைத்தொடர் உச்சிகளைப் பிடிச்சுது, ரெசாங் லா, ரெச்சின் லா எல்லாம். அதுக்கப்புறம் குளிர் நெருங்குது, மேல ரோடு இல்ல. சுஷூல் பக்கத்து ஆண்கள், பொம்பளைங்க, வயசுப் பசங்கன்னு நூறு பேர் அளவுக்கு அரிசி மூட்டை, எரிபொருள் கேன், மூங்கில்னு முதுகுல கட்டிக்கிட்டு மலை ஏறிக் கொண்டுபோய் கொடுத்தாங்க.

2021 பிப்ரவரியில பாங்கோங் ஏரிக்கு வடக்கும் தெற்கும் ரெண்டு படையும் பின்வாங்குச்சு. அப்ப வந்ததுதான் பஃபர் ஜோன், ரெண்டு பேரும் பெட்ரோலிங் போகக்கூடாத நடுப்பகுதி. கல்வான்ல 2020 ஜூலையிலயே வந்துருச்சு, கோக்ராவுல 2021 ஆகஸ்ட், ஹாட் ஸ்பிரிங்ஸ்ல 2022 செப்டம்பர். சில இடத்துல 3 கிலோமீட்டர், பாங்கோங் வடகரையில 10 கிலோமீட்டர் கிட்ட.

பஃபர் ஜோன் வேண்டாம்னு நான் சொல்ல வரல. ரெண்டு படை கையெட்டுற தூரத்துல நின்னா என்ன ஆகும்னு கல்வான்ல பார்த்தாச்சு, இன்னொரு தடவை அது நடக்காம இருக்க இடைவெளி விட்டது அந்த நேரத்துக்கு சரியான முடிவா இருந்திருக்கலாம். எனக்குப் புரியாதது என்னன்னா, சிப்பாய் போகக்கூடாதுன்னு போட்ட கோட்டுக்குள்ள ஆடும் மாட்டிக்கிச்சு. சிப்பாய் பின்வாங்கினா அடுத்த போஸ்ட்ல போய் உட்காருவார், ரேஷன் வந்துரும். ஆடு பின்வாங்கினா எங்க போய் மேயும்? உள்ள இருக்குற நிலம் ஏற்கனவே இன்னொரு ஊரோட பங்கு, அங்க கூடுதல் மந்தை இறங்கினா ரெண்டே வருஷத்துல புல்வேர் போயிரும்.

பஃபர் ஜோன் இல்லாத இடத்துலயும் இதே கதைதான், கொஞ்சம் வேற வழியில. மோதல் வந்துரக்கூடாதுன்னு நம்ம படைகளே பல இடத்துல ஆட்டுக்காரங்களை, இதுக்கு மேல போகாதீங்கன்னு தடுத்தாங்க. உள்ளூர்ல இந்தப் புகார் ரொம்ப நாளா இருக்கு. 2023 ஜனவரியில டெல்லியில நடந்த போலீஸ் உயரதிகாரிகள் மாநாட்டுக்கு லே மாவட்ட போலீஸ் கண்காணிப்பாளர் கொடுத்த கட்டுரை வெளிய வந்தப்ப அது இன்னும் தெளிவாச்சு. காரகோரம் கணவாயில இருந்து சுமூர் வரைக்கும் இருக்குற 65 பெட்ரோலிங் பாயின்ட்ல (ரோந்து போய் வர்ற இடம்) 26க்கு நம்ம ஆட்கள் போறது நின்னுபோச்சுன்னு அதுல எழுதியிருந்தார். அது நடக்குற முறையையும் சொல்லியிருந்தார். நாம போறதை நிறுத்துறோம், ஆட்டுக்காரங்களையும் போக விடுறதில்ல, கொஞ்ச காலம் கழிச்சு அந்தப் பக்கம் வந்து இங்க உங்க ஆள் யாரும் வர்றதே இல்லையேன்னு கேட்கும், அப்ப அதுக்கு இந்தப் பக்கம் ஒரு புது பஃபர். இந்த சம்பவத்தை ஆராயறதுல எனக்கு முக்கியமாப் படுறது இந்த இடம்தான். ஒவ்வொரு அடியும் தனியா பார்த்தா ஜாக்கிரதை, பொறுமை, நல்ல நோக்கம். எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா ஒரு ஊரோட குளிர்கால நிலம் காணாமப் போயிருக்கு, துப்பாக்கி ஒண்ணும் வெடிக்காமலே.

2023 டிசம்பர்ல கொன்சோக் ஸ்டான்சின் இன்னொரு விஷயமும் சொன்னார். மேஜர் ஷைத்தான் சிங்கோட உடல் கிடைச்ச இடத்துல இருந்த நினைவிடத்தை, அது பஃபர் ஜோனுக்குள்ள வந்துருச்சுங்கிறதால கலைக்க வேண்டியதாப் போச்சுன்னு. படிச்சப்ப மனசு கனத்துப்போச்சு.

இந்தப் பின்னணியில வச்சுப் பார்த்தா 2024 ஜனவரியில காக்ஜுங்ல நடந்தது என்னன்னு புரியும். மூணு வருஷமா போக முடியாம, போனாலும் பாதியிலயே திரும்பி வந்துட்டு இருந்தவங்க அந்தக் குளிர்ல போனாங்க, நம்ம ஆர்மி இந்தத் தடவை அவங்களைத் தடுக்கல, பின்னாடி நின்னுச்சு. அதுதான் வித்தியாசம். கல் எடுத்ததுல விசேஷம் ஒண்ணும் இல்ல, ஆட்டுக்காரங்க கையில எப்பவும் கல் இருக்கும், ஓநாயை விரட்டவும் மந்தையைத் திருப்பவும் அவங்க ஆயுதமே அதுதான்.

ஊர் காலியாகுறது

நிலம் குறைஞ்சா முதல்ல ஆட்டு எண்ணிக்கையைக் குறைப்பாங்க, அப்புறம் வித்துட்டு லேவுக்கு இறங்கிடுவாங்க. கர்னாக்ங்கிற மேய்ச்சல் சமூகத்துல பெரும்பாலான குடும்பங்க இப்படி லே பக்கத்துல குடியேறி, அந்தக் குடியிருப்புக்கே கர்னாக்லிங்னு பேர் வந்துருச்சு. அவங்க இறங்கினதுக்கு எல்லை மட்டும் காரணம் இல்ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூலி வேலை எல்லாம் சேர்ந்துதான். ஆனா எல்லை ஓரத்து ஊர்ல இதோட நிலமும் சேர்ந்து போகுது. பாங் பக்கத்துல 13 ஜிகாவாட் சோலார் மின்திட்டம் வருது, அதுக்கும் போறது சாங்தாங் மேய்ச்சல் நிலம்தான்னு அங்க பயம் இருக்கு. 2024 மார்ச்ல லடாக் சூழல் செயற்பாட்டாளர் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்துட்டு, ஏப்ரல் 7ஆம் தேதி எல்லை வரைக்கும் பஷ்மினா மார்ச் போறோம், எவ்வளவு நிலம் போயிருக்குன்னு நேர்ல காட்டுறோம்னு அறிவிச்சார். 144 தடை போட்டாங்க, மார்ச் கைவிடப்பட்டுச்சு. அரசாங்கம் 2023ல வைப்ரன்ட் வில்லேஜஸ்னு 4,800 கோடி ரூபாய்க்கு எல்லை ஊர்த் திட்டம் கொண்டுவந்துச்சு, லடாக்ல 35 ஊர் அதுல இருக்கு, ரோடு, கரன்ட், வீடுன்னு. நல்ல திட்டம், வரணும். ஆனா ஆடு மேய நிலம் இல்லாத ஊருக்கு ரோடு போட்டா, அந்த ரோட்ல ஜனங்க லேவுக்குத்தான் போவாங்க.

அக்டோபர் உடன்பாடு

2024 அக்டோபர் 21ல டெப்சாங், டெம்சோக் ரெண்டு இடத்துலயும் பெட்ரோலிங் போறதைப் பத்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் உடன்பாடு வந்துச்சு. பாதுகாப்பு அமைச்சர் அதைப் பத்திப் பேசினப்ப பெட்ரோலிங்கோட சேர்த்து மேய்ச்சலையும் சொன்னார், பாரம்பரிய இடங்கள்ல மேய்ச்சல்னு. அதைப் படிச்சதும் எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு, நாலு வருஷத்துல அந்த அளவு உயர்ந்த இடத்துல இருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனா கல்வான், கோக்ரா, ஹாட் ஸ்பிரிங்ஸ், பாங்கோங் ரெண்டு கரை, இங்க இருக்குற பஃபர் ஜோன் எல்லாம் அந்த உடன்பாட்டுக்கு வெளியில நின்னுச்சு. சுஷூல்காரங்க கேட்குற நிலமும் அதுல இருக்கு.

சுஷூல்-மோல்டோ மீட்டிங் பாயின்ட்ல, அந்த ஊர்ல இருந்து கூப்பிடு தூரத்துல, 2024 பிப்ரவரி வரைக்கும் 21 ரவுண்டு பேச்சுவார்த்தை நடந்துச்சு. மேசையில உட்கார்றது படைத்தளபதிங்களும் வெளியுறவுத்துறை அதிகாரிங்களும். அவங்க கையில பெட்ரோலிங் பாயின்ட் நம்பர் இருக்கு, மேப் இருக்கு. எந்த நிலம் எந்த மாசம் எந்த ஊருக்குங்கிற கணக்கு கோபாங்க கிட்ட இருக்கு. அந்தக் கணக்கை எழுதி வாங்கி, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் இந்தந்த நிலத்துல மந்தை இருக்கும்னு தேதியோட எதிர்த்தரப்புக்கிட்ட கொடுத்து, பஃபர் ஜோனுக்குள்ளயும் சிப்பாய் இல்லாம ஆடு மட்டும் போய் வர ஒரு ஏற்பாடு கேட்கலாம். நாம தடுக்குற இடத்துல நாமே தடுக்காம இருக்கலாம், அதுக்கு யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல. தடுத்தே ஆகணும்னா அந்தக் குளிர்காலத்துக்குத் தீவனத்தைக் கொண்டுபோய் நவம்பருக்குள்ள இறக்கணும், ஜனவரியில பனியில கணவாய் மூடிட்டா லாரி ஏறாது, பிப்ரவரியில குட்டி விழ ஆரம்பிச்சுரும்.